அரை நிமிஷம் போதும்

பூக்கடையில் மல்லிகை தனி, சாமந்தி தனி, கனகாம்பரம் தனி. எல்லாமே வேண்டும், ஆனால் கையில் இருப்பது ஒரு முழத்துக்கான காசுதான் என்றால் பூக்காரம்மா கதம்பத்தை எடுத்து நீட்டுவார். அதில் மல்லிகை இருக்கும், சம்பங்கி இருக்கும், நடுநடுவே மரிக்கொழுந்து எட்டிப் பார்க்கும். எதுவும் நிறைய இருக்காது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். மணமும் அப்படித்தான். எந்தப் பூவினுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாட்டிலும் இப்படி ஒரு சமாசாரம் உண்டு. மெட்லி என்பார்கள். ‘நான்ஸ்டாப்’ என்றால் இன்னும் சட்டென்று புரியும். பழைய ஹிட் பாட்டுகளின் தலையை மட்டும் கிள்ளி எடுத்து, நடுவில் மூச்சு விடாமல் ஒன்றோடு ஒன்றைத் தொடுத்து, அடியில் ஒரே தாளத்தை ஓடவிடுவது. சங்கீதம் தெரிந்தவர்களிடம் இதற்கு மரியாதை கிடையாது. ‘அரைகுறை’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த அரைகுறையைப் பிடிக்கும். ஏன் பிடிக்கிறது என்று உட்கார்ந்து யோசித்ததில் சில விஷயங்கள் அகப்பட்டன.

1981-ன் கடைசியில் நான் திருச்சியில் ஹாஸ்டல்வாசி. எங்கள் மாடியில் பத்து அறைக்கு ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அது என் ரூம்மேட்டுடையது. அவன் மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. லீவுக்குச் சென்னை போன ஒருவன் பர்மா பஜாரில் ஒரு காசெட் வாங்கி வந்தான். அட்டை கிடையாது, படம் கிடையாது. மேலே பால்பாயின்ட் பேனாவால் ‘ஸ்டார்ஸ் ஆன் 45’ என்று எழுதியிருந்தது. போட்டால், கைதட்டல். மிஷின் மாதிரி நிற்காத கைதட்டல். அதன் மேல் வரிசையாகப் பாட்டுகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. பாடுவது பீட்டில்ஸ்தான் என்று பாதிப் பேர். சத்தியமாக இல்லை என்று மீதிப் பேர். தகராறு மெஸ் வரைக்கும் போய்விட்டது. ஆனால், இரண்டு கட்சியும் கைதட்டலுக்குத் தலையாட்டியதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்தக் காசெட்டுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு.

ஹாலந்தில் வில்லம் வான் கூட்டன் என்று ஒருவர். ரெட் புல்லட் என்ற இசைப் பதிப்பு நிறுவனத்தை நடத்தியவர். ஒரு நாள் இசைத்தட்டுக் கடையில் நின்றுகொண்டிருக்கிறார். கடையில் ஒரு டிஸ்கோ தட்டு ஓடுகிறது. பல ஹிட் பாட்டுகளின் ஒரிஜினல் பதிவுகளையே கத்தரித்து ஒட்டிய திருட்டுத் தட்டு. போட்டிருந்த கம்பெனிப் பெயரும் டூப். கேட்டுக்கொண்டே இருந்தவர் காதில் திடீரென்று ‘வீனஸ்’ விழுகிறது. ஷாக்கிங் ப்ளூ என்ற டச்சுக் குழுவின் பாட்டு. 1970-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதன் உரிமை இவரிடம்தான் இருந்தது. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தைப் பக்கத்துத் தெருவில் வேறு ஒருவர் இடுப்பில் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்திருக்கும் மனுஷனுக்கு.

நாமாக இருந்தால் வக்கீலைத் தேடி ஓடுவோம். அவர் வியாபாரி. கடையில் எல்லோரும் ரசித்துக் கேட்கிறார்கள் என்றால், இதையே நேர் வழியில் செய்தால் என்ன என்று கணக்குப் போட்டார். ஒரிஜினல் பதிவை எடுத்து ஒட்ட ரெக்கார்டு கம்பெனிகளின் சம்மதம் வேண்டும். அது லேசில் நடக்காது. ஆனால், அதே பாட்டை வேறு ஆளை வைத்துப் புதிதாகப் பாடி வெளியிடலாம், எழுதியவர்களுக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிட்டால் போதும். கோல்டன் இயரிங் குழுவில் ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்த யாப் எக்கர்மாண்டிடம் வேலையை ஒப்படைத்தார். அவர் குரல் ஒத்துப்போகிற ஆட்களைத் தேடிப் பிடித்தார். ஜான் லெனான் குரலுக்கு பாஸ் மெய்ஸ் என்ற டச்சுப் பாடகர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சந்தேகமே வராது. எங்கள் மெஸ் தகராறுக்குக் காரணகர்த்தா அவர்தான்.

பாட்டு மொத்தம் ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. ‘வீனஸ்’ முன்னால் கொஞ்சம், ‘சுகர் சுகர்’ கொஞ்சம், பிறகு வரிசையாக எட்டு பீட்டில்ஸ் பாட்டுகள். அமெரிக்காவில் உரிமை விவகாரங்களுக்காக எல்லாப் பாட்டின் பெயரையும் தலைப்பிலேயே போட வேண்டி வந்தது. 41 வார்த்தைத் தலைப்பு! கல்யாணப் பத்திரிகை தோற்றது. அந்த நீளத் தலைப்போடு 1981 ஜூன் 20-ந் தேதி பில்போர்டு பட்டியலில் முதலிடம். ஒரே ஒரு வாரம். அதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் அந்த இடத்தில் இருந்தது கிம் கார்ன்ஸ் பாடிய ‘பெட்டி டேவிஸ் ஐஸ்’. நடுவில் புகுந்து, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து போய்விட்டது நம் மெட்லி. அதன் குணமே அதுதானே!

இன்னொரு விஷயமும் இதில் உண்டு. தட்டு ஹாலந்தில் வெளிவந்தது 1980 டிசம்பரில். அந்த மாதம் 8-ந் தேதி நியூயார்க்கில் தன் வீட்டு வாசலிலேயே லெனான் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகம் முழுக்க ஒரு தலைமுறையே அழுதது. பீட்டில்ஸ் பாட்டை முழுசாக உட்கார்ந்து கேட்கப் பலரால் முடிந்திருக்காது. அந்த நேரத்தில், அவருடையது போன்ற ஒரு குரல், கைதட்டலோடு, அரை நிமிஷம் வந்து போகிறது. துக்கம் தொண்டையை அடைப்பதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. அழ வேண்டிய குரலுக்கு ஜனங்கள் ஆடினார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

நான்ஸ்டாப் என்பது ஸ்டார்ஸ் ஆன் 45 கண்டுபிடித்ததல்ல. 1954-லேயே வினிஃப்ரெட் அட்வெல் என்ற டிரினிடாட் பெண்மணி பல பாட்டுகளைக் கோத்துப் பியானோவில் வாசித்த தட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்திருக்கிறது. 1965-ல் ஜெர்மனியில் ஜேம்ஸ் லாஸ்ட் ‘நான் ஸ்டாப் டான்ஸிங்’ என்ற பெயரிலேயே ஆல்பம் போட்டார். அவருடைய யோசனை ரொம்ப எளிமையானது. பார்ட்டியில் ஜோடிகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு முடிகிறது. அடுத்த பாட்டு தொடங்கும் வரை சில விநாடி மௌனம். அந்த மௌனத்தில்தான் ஆபத்து. ஒருத்தருக்குத் தண்ணீர் தவிக்கும், ஒருத்தருக்கு வீட்டு ஞாபகம் வரும், கூச்ச சுபாவக்காரருக்குத் தன்னை எல்லோரும் பார்ப்பது போலத் தோன்றும். உட்கார்ந்துவிடுவார்கள். அந்த இடைவெளியையே எடுத்துவிட்டால்? அதைத்தான் செய்தார். கூடவே இன்னொன்றும் செய்தார். பதிவின் மேல் பார்ட்டிக்காரர்களின் சிரிப்பு, கூச்சல், பேச்சு எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார். வீட்டில் தனியாகப் போட்டுக் கேட்டால்கூடப் பத்துப் பேர் இருப்பதுபோல இருக்கும். ஆளில்லாத வீட்டுக்கு ஆள் சப்ளை!

நமக்கு ரொம்பப் பக்கத்திலும் இருக்கிறது. இலங்கையில் இசை நிகழ்ச்சி என்றால் கடைசியில் நான்ஸ்டாப் பைலா இல்லாமல் ஜனங்கள் எழுந்து போகமாட்டார்கள். போர்ச்சுக்கீசியர் காலத்தில் வந்து இறங்கிய தாளம். நம் ஊரில் சிலோன் மனோகர் என்று நாம் கொண்டாடிய ஏ.ஈ.மனோகரனின் ‘சுராங்கனி’யைக் கேட்டவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். ஒரு பாட்டு முடிவதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. அடித்தாளம் மட்டும் ஒரே ஓட்டம்.

‘ஏன், நம்மிடம் ராகமாலிகை இல்லையா?’ என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால், கொஞ்சம் யோசித்தால் இரண்டும் நேர் எதிர். ராகமாலிகையில் பாட்டு ஒன்று, ராகங்கள் மாறுகின்றன. ஒவ்வொரு ராகத்துக்கும் அதன் முகம் தெரிகிற அளவுக்கு இடம் உண்டு. மெட்லியில் பாட்டுகள் மாறுகின்றன, ஆனால் எல்லாப் பாட்டையும் பிடித்து ஒரே வேகத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரிஜினலில் ஒன்று ஓடும், ஒன்று நடக்கும், ஒன்று உட்கார்ந்து யோசிக்கும். இங்கே எல்லாம் ஒரே யூனிஃபார்மில், ஒரே நடையில், குடியரசு தின அணிவகுப்பு மாதிரி. சுருதியும் அடுத்தடுத்து இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாட்டின் கடைசி ஸ்வரத்திலிருந்து அடுத்த பாட்டின் முதல் ஸ்வரத்துக்குக் காது தடுக்கி விழாமல் போய்ச் சேர வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் தைப்பது லேசான வேலை இல்லை. அரைகுறை என்று சொல்பவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

சரி, இதில் அப்படி என்ன சுகம்?

முதல் சுகம், கண்டுபிடிக்கிற சுகம். ரயிலில் எதிர் சீட்டுக்காரரைப் பார்த்து, ‘எங்கேயோ பார்த்திருக்கிறேனே’ என்று குழம்பி, ‘அட, நம்ம எட்டாங்கிளாஸ் கணக்கு வாத்தியார்!’ என்று பிடித்துவிடுகிற நொடி இருக்கிறதல்லவா? அந்த நொடிக்கு ஈடாக எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவரோடு விழுப்புரம் வரை பேசுவது கொஞ்சம் கஷ்டமாகக்கூட இருக்கும். மெட்லி அந்த முதல் நொடியை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. ‘ஆ, இது!’ என்கிறோம். அரை நிமிஷத்தில் மறுபடி, ‘ஆ, இது!’

அந்த அரை நிமிஷம்கூட அதிகம்தான். 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரபலமான ஐந்து பாட்டுகளின் மிகச் சின்னத் துண்டுகளைப் போட்டுக்காட்டி, பெயர்ப் பட்டியலில் எது என்று பொருத்தச் சொன்னார்கள். விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதில் மெட்டு ஏது, வார்த்தை ஏது? அப்படியும், குத்துமதிப்பாகச் சொல்வதைவிட ஜனங்கள் நன்றாகவே சொன்னார்கள். அந்தப் பதிவின் ஒலிக்கே ஒரு நிறம் இருக்கிறது. காது அதை எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறது. எழுதிய செக்கின் நம்பர் மறந்துபோகும், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மறந்துபோகும், இது மறக்காது.

இரண்டாவது, பல்லவி சுகம். எந்தப் பாட்டிலும் நமக்கு முழுசாகத் தெரிந்தது பல்லவிதான். முதல் சரணத்தில் தடுமாறுவோம். இரண்டாவது சரணத்தில் ‘லாலலா’தான். மெட்லி நமக்குத் தெரிந்த இடத்தை மட்டும் தொட்டுவிட்டு, தெரியாத இடம் வருவதற்குள் நாகரிகமாக விலகிவிடுகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் பாடிய மாதிரி ஒரு திருப்தி. ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 1981-ல் ‘ஹூக்ட் ஆன் கிளாஸிக்ஸ்’ போட்டு, பெரிய பெரிய சிம்பொனி மேதைகளையெல்லாம் டிரம் மிஷினில் கட்டி ஓட்டியபோது பண்டிதர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தட்டு விற்றுத் தீர்ந்தது. பீட்டில்ஸின் சொந்த ரெக்கார்டு கம்பெனியே 1982-ல் அவர்களுடைய சினிமாப் பாட்டுகளை வெட்டி ஒட்டி ஒரு மெட்லி வெளியிட்டது. 1989-ல் ஜைவ் பன்னி என்று ஒரு கார்ட்டூன் முயலை முன்னால் நிறுத்தி, 1939-ல் கிளென் மில்லர் வாசித்த ‘இன் த மூட்’ தொடங்கிப் பழசையெல்லாம் கோத்து விட்டார்கள். இங்கிலாந்தில் அந்த முயலின் முதல் மூன்று தட்டுகளும் முதலிடம். முயல் மூன்று கால் என்று யாரும் சண்டைக்கு வரவில்லை.

இதெல்லாம் சரி. ஆனால், கத்தரித்துக் கீழே போட்டது என்ன ஆகிறது?

ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டார்ஸ் ஆன் 45-ல் வந்த எட்டு பீட்டில்ஸ் பாட்டுகளில் ஒன்று, ‘வீ கேன் வொர்க் இட் அவுட்’. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். 1965 டிசம்பரில் வெளிவந்தது. மொத்தமே இரண்டே கால் நிமிஷம்தான். ‘என் பக்கத்தைக் கொஞ்சம் பாரேன், எல்லாம் சரியாகிவிடும்’ என்கிற நம்பிக்கையான பகுதி பால் மெக்கார்ட்னி எழுதியது. நடுவில் ஓரிடத்தில் லெனான் புகுந்து, சண்டை போட நேரமில்லை, ஆயுசு ரொம்பச் சின்னது என்கிற தொனியில் சட்டென்று இருட்டாக்கிவிடுகிறார். அந்த இடத்தில் தாளமும் மாறும். சதுஸ்ரமாகப் போய்க்கொண்டிருக்கிற பாட்டு, திஸ்ரத்துக்குத் திரும்பி வால்ட்ஸ் மாதிரி சுழலும். அது ஜார்ஜ் ஹாரிசனின் யோசனை. பின்னால் ஒரு ஹார்மோனியம் இழுக்கும். ஆமாம், நம் பஜனை மடத்து ஹார்மோனியத்தின் உறவுக்காரன்தான். வாசித்தது லெனான்.

இந்தத் திஸ்ரத்தை மெட்லியில் வைக்கவே முடியாது. கைதட்டல் ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்கிறதே! ஆடுகிறவர்களின் கால் தடுக்கும். ஆக, தாளத்துக்கு ஒத்துவராததை வெட்டத்தான் வேண்டும். ஒத்துவராத அந்த இடத்தில்தான் பாட்டின் உயிர் இருந்தது என்றாலும்.

என் ரூம்மேட்டுக்கு ஒரு தம்பி. இரண்டு வருஷம் சின்னவன். அதே கல்லூரியில் வந்து சேர்ந்தான். ஹாஸ்டல் டே அன்று அண்ணனும் தம்பியும் மேடையேறி இந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். பஜனை கோஷ்டியிடம் கெஞ்சிக் கடன் வாங்கிய ஹார்மோனியத்தைத் தம்பி வாசித்தான். நம்பிக்கை வரிகள் அண்ணனுக்கு. அந்த இருட்டுப் பகுதியில் இருவரும் சேர்ந்து பாடுவார்கள். கைதட்டல் அள்ளியது. அவர்களுக்கு ஹாஸ்டலில் ‘லெனான் பிரதர்ஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது.

2019-ல் எங்கள் செட் ஆட்கள் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் கூடினோம். முப்பத்தைந்து வருஷம் கழித்து. இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறீர்களா? “டேய், நீயா? எங்கே இருக்கே? பசங்க என்ன பண்றாங்க? சுகர் இருக்கா?” ஓர் ஆளுக்கு அரை நிமிஷம். அதற்குள் அடுத்த ஆள் தோளில் தட்டுவான். ‘ஆ, இவன்!’ மறுபடி அதே கேள்வி. முப்பத்தைந்து வருஷத்தை எல்லோரும் பல்லவியாகப் பாடிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தோம். சரணத்துக்குள் யாரும் போகவில்லை. வேலை போனது, உடம்பு கெட்டது, பிள்ளை பேசாமல் இருப்பது எல்லாம் சரணத்தில்தான் இருக்கும்.

இதற்குப் பொருத்தமாக ராத்திரி ஒரு டி.ஜே. பையன் லேப்டாப்போடு வந்து நான்ஸ்டாப் போட்டான். போனி எம், ஆபா, பீட்டில்ஸ் என்று எங்கள் காலத்துச் சரக்கையெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். வழுக்கைத் தலைகள் ஆடின. தொப்பைகள் ஆடின. நடுவில் ‘வீ கேன் வொர்க் இட் அவுட்’ வந்தது. இருபது விநாடி இருக்கும். போனது.

என் ரூம்மேட் ஆடுவதை நிறுத்திவிட்டான். நேராக அந்தப் பையனிடம் போனான்.

“தம்பி, இப்பப் போட்டியே, அந்தப் பாட்டு முழுசா வெச்சிருக்கியா?”

“இருக்கு அங்கிள். ஆனா இப்பப் போட்டா ஃப்ளோ கட்டாயிடும்.”

“பரவால்ல, போடு.”

போட்டான். முதல் அரை நிமிஷம் எல்லோரும் கூடவே பாடினார்கள். பிறகு திஸ்ரம் வந்தது. ஆடிக்கொண்டிருந்த கால்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒருவன் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். இரண்டு பேர் பஜ்ஜி இருக்கிற பக்கம் நகர்ந்தார்கள். டி.ஜே. பையன், ‘நான்தான் சொன்னேனே’ என்பது போல என்னைப் பார்த்தான். தளத்தில் கடைசியாக நின்றது என் ரூம்மேட் மட்டும். ஆடவில்லை. பாடவில்லை. சும்மா நின்றான்.

பாட்டு முடிந்து வெளியே மணலில் உட்கார்ந்தபோது, “தம்பி எப்படி இருக்கான்?” என்று கேட்டேன்.

“பேசி ஏழு வருஷம் ஆச்சு மாப்ளே.”

கும்பகோணத்து வீடு. அம்மா போன பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று ஆரம்பித்தது. யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை. உங்கள் குடும்பத்திலும் ஒரு கும்பகோணத்து வீடு இருக்கும்.

“போன் பண்ணிப் பேசேன்டா” என்றேன்.

“என்னன்னு ஆரம்பிக்கிறது? ஆரம்பிச்சா முழுசாப் பேசணும். முழுசாப் பேசற தெம்பு எனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. விடு. சாப்பிடலாம் வா.”

அவன் சொன்னது எனக்கு ரொம்ப நாள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. 1980 டிசம்பரில் லெனான் ரசிகர்களுக்கு இருந்ததும் இந்தக் கஷ்டம்தானே? முழுப் பாட்டைக் கேட்கத் தெம்பு இல்லாதவர்களுக்கு அந்த மெட்லி ஒரு வழி செய்து கொடுத்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. உள்ளே போனால்தான் அழுகை. எட்டிப் பார்ப்பதை ஏமாற்று வேலை என்று பண்டிதர்கள் சொல்லலாம். எட்டிக்கூடப் பார்க்காமல் ஏழு வருஷம் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

2020 பிப்ரவரியில் அவன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது. நான் முதலில் பார்த்தது மாப்பிள்ளை படிப்பையோ மண்டபத்தையோ அல்ல. கீழே பொடி எழுத்தில், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று உறவுக்காரர்கள் பெயர் போட்டிருப்பார்களே, அந்த வரிசையை. தம்பியின் பெயர் இருந்தது. சித்தப்பா என்பதால் முதலாவதாகவே இருந்தது. யார் போய்க் கேட்டார்கள், எப்படி நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

ரிசப்ஷன் மேடை என்பது நம் ஊர் மெட்லி. ஒரு பக்கம் ஏறி, கவரைக் கொடுத்து, கையைக் குலுக்கி, கேமராவைப் பார்த்து, மறுபக்கம் இறங்க வேண்டும். ஓர் ஆளுக்கு அரை நிமிஷம். கீழே மெல்லிசைக் குழு பழைய சினிமாப் பாட்டுகளை நான்ஸ்டாப்பாக ஓட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் நரைத்த தலை ஒன்று நின்றது. பின்பக்கத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

பெண்ணின் சித்தப்பா வாசலில் நின்று சந்தனமும் பன்னீரும் கொடுத்து எல்லோரையும் வரவேற்க வேண்டியவர். அவர் வந்தவர்களோடு வந்தவராக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மேடை ஏறினார். பெண்ணின் தலையில் கையை வைத்தார். பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தார்.

“நல்லா இருக்கியாண்ணே?”

“ம்… எப்ப வந்தே?”

“காலைல வண்டிக்கு.”

“அவ வரலையா?”

“முட்டி வலி. உக்காந்தா எந்திரிக்க முடியல.”

“சார், கொஞ்சம் இங்கே பாருங்க!” என்றார் போட்டோகிராபர். இருவரும் பார்த்தார்கள். ஃப்ளாஷ் அடித்தது. பின்னால் இருந்தவர்கள் லேசாக நெருக்கினார்கள்.

“சாப்பிட்டுட்டுப் போடா.”

“சரிண்ணே.”

அவ்வளவுதான். தம்பி மறுபக்கம் இறங்கிப் பந்திக்குப் போய்விட்டார். அடுத்தவர் மேடை ஏறிவிட்டார். கீழே பாட்டுக்குழு எதையும் கவனிக்காமல் ஒரு பல்லவியிலிருந்து இன்னொரு பல்லவிக்குத் தாவியது. தாளம் நிற்கவில்லை. நின்றிருந்தால் அந்த மௌனத்தில் இருவரும் என்ன செய்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஜேம்ஸ் லாஸ்ட் சும்மாவா அந்த இடைவெளியை எடுத்தார்!

இதை ஒரு சமாதானம் என்றோ, சண்டை முடிந்தது என்றோ நான் சொல்லமாட்டேன். வீடு விஷயம் அப்படியேதான் இருக்கிறது. ஏழு வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் அரை நிமிஷம் பேசினார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பாட்டு மொத்தமே இரண்டே கால் நிமிஷம்தான். அரை நிமிஷம் ஆகிவிட்டது. பாக்கி ஒன்றே முக்கால்.